பழைய கற்கோயிலுக்குத் திருப்பணி: ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவிரிக் கரைக் கிராமங்களில் சோழர் காலச் சிவன் கோயில்கள் ஏராளம். பல கோயில்களில் ஒரு வேளை விளக்கு எரிகிறது. சிலவற்றில் அதுவும் இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒன்றுகூடி, ‘நம்ம கோயிலை எடுத்துக் கட்டணும்’ என்று கிளம்புவது பெரிய புண்ணியம். ஆனால் அப்படி நல்ல மனதோடு தொடங்கிய திருப்பணியிலேயே, ஆயிரம் வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடித்த கோயில் ஆறே மாதத்தில் அடையாளம் தெரியாமல் போவதும் நடக்கிறது. திருப்பணிக் குழுக்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறோம்.

கோயில் ரொம்பவும் சிதைந்து கிடக்கிறது. முதல் வேலை எது?

படம் எடுப்பது. ஒரு செடியைக் கூடப் பிடுங்குவதற்கு முன்னால், இருக்கிறபடியே கோயில் முழுவதையும் படம் எடுத்து அளந்து வைத்துவிடுங்கள்.

இது புதுமைக்காரர்களின் யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, அதற்கு முன் சுவரிலுள்ள கல்வெட்டுகளை எல்லாம் ஒரு புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் சொன்னான். அது கி.பி. 1013 வாக்கில். கோயில் எழுந்த பிறகு, அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் 1026 வாக்கில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடியும் வெட்டினார்கள். இந்தச் செய்தியையும் அங்கேயே கல்லில் எழுதி வைத்தார்கள். ஓலையில் நகல் எடுத்துக் காத்த காலத்தில் முடிந்தது, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் காமிரா இருக்கும் காலத்தில் முடியாமல் போகக் கூடாது.

எப்படி எடுப்பது என்றால், சுவரின் ஒவ்வொரு பகுதியையும் நேராக நின்று, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். எழுத்தும் நுண்ணிய சிற்பமும் உள்ள இடங்களைக் காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். உச்சி வெயிலில் கல் தட்டையாகத் தெரியும், எழுத்து விழாது. ஒவ்வொரு சன்னதியின் நீள அகலம், மூலவர் முதல் கருவறை வெளிச்சுவர் மாடங்களிலுள்ள கோஷ்டத் தெய்வங்கள் வரை ஒவ்வொரு திருமேனியின் உயரம், கைகளில் உள்ள ஆயுதங்கள், ஏற்கெனவே உடைந்திருக்கும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வளாகத்தில் சிதறிக் கிடக்கும் துண்டுக் கற்களையும் விட்டுவிடாதீர்கள். படத்தொகுப்பை ஒரே ஆளிடம் வைக்காமல் மூன்று நான்கு பேர் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோயிலில் கல்வெட்டு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோயிலைச் சுற்றி வந்து கீழே பாருங்கள். கருவறைச் சுவரின் அடிப்பாகமான அதிட்டானத்தில், உருண்டையாகவோ பட்டையாகவோ வரும் குமுதத்தின் மேல், அதற்குக் கீழுள்ள ஜகதியில், மேலே பட்டிகையில், அப்புறம் அரைத்தூண்களுக்கு நடுவிலுள்ள சுவரில், வாசல் நிலைக்காலில் என்று எழுத்து ஓடும். பெரும்பாலும் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும். அடுத்து ‘திருமகள் போல’ என்று வந்தால் முதலாம் இராசராசன், ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் இராசேந்திரன், ‘புகழ்மாது விளங்க’ என்றால் முதலாம் குலோத்துங்கன். மன்னன் புகழைச் சொல்லும் தொடக்கப் பகுதியான மெய்க்கீர்த்தியின் முதல் இரண்டு சொல்லே யார் காலம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் கோயில் கல்வெட்டை யாரோ ஏற்கெனவே படியெடுத்திருக்கலாம். 1887இலிருந்து அரசின் கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. பல கல்வெட்டுகளின் முழு வாசகம் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளில் அச்சாகியிருக்கிறது. ஊர்ப் பெயரை வைத்துத் தேடுங்கள், பழைய பெயரையும் போட்டுத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மாநிலத் தொல்லியல் துறைக்கோ பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ சொல்லி அனுப்புங்கள்.

அதில் என்ன இருக்கும்? பெரும்பாலும் தானம். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ‘சாவா மூவாப் பேராடு’ என்று. நிலதானம் என்றால் நான்கு எல்லையும் வரும்; எந்த வாய்க்காலுக்கு மேற்கு, யார் நிலத்துக்கு வடக்கு என்று. கோயில் நிலத்துக்கு இதைவிடப் பழைய ஆவணம் உங்களுக்கு எங்கும் கிடைக்காது.

எழுத்தின் மேல் சாக்பீஸ், எண்ணெய், சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள். தண்ணீரும் மென்மையான தேங்காய் நார் பிரஷ்ஷும் போதும். நாங்கள் பார்த்த ஒரு கோயிலில் பிராகாரத்துக்குப் புதுத்தளம் போட்டிருந்தார்கள். ஜகதியில் ஓடிய கல்வெட்டின் கடைசி வரி, தளம் முட்டும் இடத்தில் பாதியாக நின்றது. கொம்பும் சுழியும் மேலே தெரிகிறது, எழுத்தின் உடம்பு கிரானைட்டுக்கு அடியில். தானம் கொடுத்தவர் பெயர் அந்த வரியில்தான் இருக்க வேண்டும்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? ஊர்க் கோயிலுக்கு ஊர்க்காரர்கள் செய்ய அனுமதி எதற்கு?

கோயில் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் நீங்கள் ஒரு கல்லையும் தொட முடியாது; 1958ஆம் வருஷச் சட்டமும் 2010இல் வந்த திருத்தமும் சேர்ந்து, சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே செய்ய வேண்டும் என்கின்றன. மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் கோயில் என்றால் 1966ஆம் வருஷச் சட்டம். மற்ற பெரும்பாலான ஊர்க் கோயில்கள் 1959ஆம் வருஷச் சட்டப்படி இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வருபவை. அங்கே தக்கார் (அறங்காவலர் இல்லாதபோது துறை நியமிக்கும் பொறுப்பாளர்) அல்லது அறங்காவலர் மூலமாகத்தான் கோரிக்கை போக வேண்டும். ஸ்தபதி அறிக்கை, பொறியாளர் எஸ்டிமேட், மண்டல வல்லுநர் குழு, மாநில வல்லுநர் குழு என்று ஒவ்வொரு படியாக நகரும்.

நேரம் பிடிக்கும். கோபம் வரும். ஆனாலும் இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். வல்லுநர் குழுவில் தொல்லியல் தெரிந்தவர் ஒருவர் கோயிலை நேரில் வந்து பார்த்ததனாலேயே பல கல்வெட்டுச் சுவர்கள் பிழைத்திருக்கின்றன.

பழங்காலத்திலும் இடித்துத்தானே கட்டினார்கள்? செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளி, அதாவது கற்கோயில், ஆக்கவில்லையா?

ஆக்கினார். கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான அந்த அம்மையார் திருநல்லம், திருக்கோடிகாவல், விருத்தாசலம் என்று ஊர் ஊராகச் செங்கல் தளிகளைக் கல்லால் எடுப்பித்தார். திருநல்லம் என்பது இன்றைய கோனேரிராசபுரம். கணவர் பெயரால் எடுத்த அந்தக் கோயிலில், கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடுவதுபோல் ஒரு சிற்பமும் அதன் கீழே கல்வெட்டும் வைத்தார்.

திருக்கோடிகாவலில் அவர் செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பழைய கோயிலில் அங்கங்கே இருந்த கற்களின் எழுத்துகளை, புதுக் கோயில் சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். ஒவ்வொன்றிலும் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறித்தார்கள். அப்படிச் செய்ததால்தான் அவருக்கு முந்தைய பல்லவ, பாண்டிய மன்னர் காலத் தானங்கள் இன்றும் நமக்குத் தெரிகின்றன. முன்னவர் கொடுத்த ஒரு விளக்குத் தானம்கூட அழியக் கூடாது என்ற அக்கறை அது.

இன்று நாம் இடிக்கிறோமே, அது அந்த அம்மையார் கட்டியதை. அதற்குப் பதிலாக நாம் வைப்பது கான்கிரீட்டை. அவர் செய்ததை நமக்குச் சாட்சிக்கு இழுப்பது எனக்குச் சற்றும் பொறுக்கவில்லை.

மகாமண்டபம் ஒழுகுகிறது. மேலே ஒரு கான்கிரீட் தளம் போட்டுவிட்டால் தீர்ந்ததல்லவா?

தீராது. மூன்று நான்கு மழைக்காலத்துக்கு ஒழுக்கு நின்றதுபோல் இருக்கும்.

முதலில் எடை. கான்கிரீட் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 2,400 கிலோ. நான்கு அங்குலக் கனத்தில் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 240 கிலோ. சிறிய மண்டபம், 40 சதுர மீட்டர் என்றால், 9 டன்னுக்கு மேல். பழைய தளத்தைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே இதைப் போடுகிறார்கள். ஏற்கெனவே விரிசல் கண்ட உத்திரக் கல் இதைத் தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்தது ஈரம். கற்கோயில் என்று சொல்கிறோமே தவிர, சுவரின் வெளிமுகமும் உள்முகமும்தான் கல். நடுவே பெரும்பாலும் செங்கல்லும் கல்லுடைசலும் மண்ணும் சுண்ணாம்பும் நிரப்பியிருப்பார்கள். அந்த நடுப்பகுதி ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே போக விடும். சிமென்ட் விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் சிமென்ட்டில் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு கல் முகத்தின் வழியாக வெளியேறும். வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பிறகு கல்லின் மேல்தோல் ஏடு ஏடாகக் கழன்று விழும். எழுத்தும் அதோடு விழும்.

மூன்றாவது கம்பி. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு துருப்பிடித்தால் பருத்துப் பலமடங்காகி, சுற்றியுள்ளதைப் பிளக்கும்.

சரியான வேலை இது: காலப்போக்கில் மேலே மேலே போட்ட பூச்சுகளை எல்லாம் கவனமாக அகற்றுங்கள். கல் இணைப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துக் கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குங்கள். மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓடுகளைப் பதித்து இடுக்குகளைச் சாந்தால் பூசுங்கள். நீர்த்தாரைகளைத் திறந்துவிடுங்கள். ஒழுகும் கோயில்களில் பாதியில் கூரையில் குறையே இருக்காது. தாரை அடைத்துத் தண்ணீர் குளம் கட்டி நிற்பதுதான் காரணம்.

சுண்ணாம்புச் சாந்து இந்தக் காலத்தில் யார் செய்கிறார்கள்? உறுதியாக இருக்குமா?

செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கும்பகோணம் பக்கம் துக்காச்சி என்ற கிராமத்திலுள்ள ஆபத்சகாயேசுவரர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். சிதைந்து கிடந்த சோழர் காலக் கோயில். மரபு முறையில் திருப்பணி செய்து 2023இல் குடமுழுக்கு நடந்தது. 2024ஆம் ஆண்டுக்கான யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. அதற்கு முன் 2017இல் ஸ்ரீரங்கம் கோயில் திருப்பணிக்கும் அந்த விருது வந்தது. ஸ்ரீரங்கம் பெரிய கோயில், பணமும் ஆளும் உண்டு. துக்காச்சி ஒரு கிராமம். அதனால்தான் ஊர்க் குழுக்களிடம் துக்காச்சியை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்கிறோம்.

சாந்து செய்யும் முறையை ஒருமுறை கூடவே இருந்து பார்த்தால் பயம் போய்விடும். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கும். அதை வாரக்கணக்கில் ஊறவிட்டுச் சலித்து எடுக்க வேண்டும். இன்னொரு பக்கம், கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு தண்ணீரில் ஊறப்போட்டிருப்பார்கள். சில நாளில் நுரைத்துப் புளிப்பு வாடை வரும்; பக்கத்தில் போனாலே தெரியும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணல் சேர்த்து, வட்டமான செக்குப் பள்ளத்தில் போட்டு, அந்தக் கடுக்காய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே கல் உருளையால் அரைப்பார்கள். முதலில் மணல் நறநற என்று சத்தம் கேட்கும். அரைய அரையச் சத்தம் அடங்கி வெண்ணெய்ப் பதம் வரும். கொத்தனார் கரண்டியில் ஒரு கை எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார். கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் பதம் சரி.

பூசிய பிறகு ஈரச் சாக்குப் போட்டு இரண்டு வாரமாவது காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெள்ள மெள்ளக் கல்லாகிறது. வருஷம் ஆக ஆக வலு கூடும். ‘நாளைக்கே சாரம் பிரிக்கணும்’ என்கிற அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது. சிமென்ட்டைக் கொஞ்சம் கலந்தால் சீக்கிரம் இறுகும் என்று சிலர் சொல்வார்கள். கலக்க விடாதீர்கள்.

விமானத்தின் மேல் அரசமரம் முளைத்து வேர் உள்ளே போயிருக்கிறது. வெட்டிவிடலாமா?

வெட்டலாம், ஆனால் பிடுங்கக் கூடாது. வேர் இப்போது கற்களைப் பிளக்கவும் செய்கிறது, பிடித்துக்கொண்டும் நிற்கிறது. கயிறு கட்டி இழுத்தால் வளைந்த கூரை விளிம்பான கொடுங்கையும் அதிலுள்ள கூடுகளும் சேர்ந்தே வரும். கிளைகளை மேலிருந்து சிறிது சிறிதாகக் கழித்து, அடிமரத்தை அறுத்தவுடன் வெட்டுவாயில் வேரைக் கொல்லும் மருந்தைத் தடவ வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்று வேளாண் துறையில் கேட்டுச் செய்யுங்கள். ஆசிட் ஊற்றுகிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அது சுண்ணாம்பையும் சுதையையும் கரைத்துவிடும்.

செத்த வேர் மெல்லியதாக இருந்தால் உள்ளேயே விட்டு இடைவெளியைச் சாந்தால் நிரப்பலாம். தடித்த வேர் கற்களைத் தள்ளியிருந்தால், அந்த வரிசைக் கற்களுக்கு மட்டும் எண் போட்டு இறக்கி, வேரை எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்க வேண்டும். சிறு செடியாக இருக்கும்போதே எடுத்தால் ஒரு ஆள் வேலை. பத்து வருஷம் விட்டால் பத்து லட்ச ரூபாய் வேலை.

கல் கறுத்துப்போயிருக்கிறது. மணல் அடித்துச் சுத்தம் செய்தால் புதிதுபோல் ஆகும் என்கிறார் காண்ட்ராக்டர்.

வேண்டவே வேண்டாம். மணல் வீச்சில் அழுக்கோடு கல்லின் மேல்முகமும் போய்விடும். சிற்பத்தின் மூக்கு, விரல், அணிகலன், கல்வெட்டின் விளிம்பு எல்லாம் மழுங்கும். அறநிலையத் துறையே இதற்குத் தடை விதித்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீரும் மென்மையான சோப்புக் கரைசலும், பாசிக்குத் தண்ணீரும் நார் பிரஷ்ஷும். போகாத கறை இருந்தால் இருக்கட்டும்.

உள் சுவரில் பல அடுக்கு வெள்ளையடிப்பு இருக்கிறது. சுரண்டி எடுத்துவிட்டு எமல்ஷன் அடிக்கலாமா?

சுரண்டும் முன் நிறுத்துங்கள். அடியில் ஓவியம் இருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருந்ததை 1931இல்தான் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். நாயக்கர் காலத்திலிருந்து அங்கேயே மறைந்து இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாமல். உங்கள் கோயில் மண்டப விதானத்திலும் ஒரு மூலையில் வண்ணம் தெரிந்தால் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை அந்தச் சுவரை விட்டுவிடுங்கள்.

கருங்கல்லுக்குப் பெயிண்ட் எதற்கும் தேவையில்லை. விமானத்துச் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் வேண்டுமென்றால் எனாமல் பெயிண்ட் தவிர்த்து, காவி, மஞ்சள் போன்ற மண் வண்ணங்களைச் சுண்ணாம்போடு பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பிராகாரத்துக்குக் கிரானைட் பதிக்க உபயதாரர் தயாராக இருக்கிறார். மறுக்க மனசு வரவில்லையே?

உபயத்தை மறுக்க வேண்டாம், வேறு வேலைக்குத் திருப்புங்கள். மழை நாளில் பாலிஷ் போட்ட கிரானைட்டில் வயசானவர்கள் வழுக்கி விழுவார்கள், வெயில் நாளில் கால் வைக்க முடியாது. அதைவிட, பழைய தளத்தின் மேலேயே பதிப்பதால் தரைமட்டம் உயரும். அதிட்டானம் புதையும். கருவறை அபிஷேகத் தண்ணீர் கோமுகி வழியாக விழுந்து, வெளியேற வழியில்லாமல் சுவரடியில் தங்கும். ஏற்கெனவே தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு, கோயில் பள்ளத்தில் இருக்கிறது. செய்ய வேண்டியது நேர்மாறான வேலை: சேர்ந்த மண்ணை அள்ளி, பழைய கல்தளத்தை வெளியே கொண்டுவந்து, வாட்டம் சரிசெய்து, தண்ணீரைத் திருக்குளத்துக்கு விடுவது. அந்த உபயதாரரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். ‘அடிவரை உங்கள் கைங்கரியத்தால் தெரிந்தது’ என்றால் அவரும் மகிழ்வார்.

‘முழுவதும் பிரித்துக் கட்டினால்தான் நிற்கும்’ என்கிறார்கள். நம்பலாமா?

இரண்டாவது ஆளிடமும் கேளுங்கள். விரிசல் எல்லாம் ஆபத்து கிடையாது. நூறு வருஷத்துக்கு முன் விட்டு, அத்தோடு நின்றுபோனதாகவும் இருக்கும். விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் கழிந்தும் கண்ணாடி உடையாமல் இருந்தால் அந்த விரிசல் அசையவில்லை. உடைந்தால் அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும்.

சுவர் வெளியே பிதுங்கி, தூக்குக்குண்டுக்கு வெகுவாக விலகி நின்றால் அந்தப் பகுதியைப் பிரிக்கத்தான் வேண்டும். அப்போதும் ஒவ்வொரு கல்லுக்கும் வரிசை எண், கல் எண் போட்டு, படத்தில் குறித்து, அதே இடத்தில் அதே முகம் வெளியே தெரிய வைக்க வேண்டும். கல்வெட்டு வரிகள் முன்னும் பின்னுமாக மாறிக் கிடக்கும் கோயில்கள் எத்தனையோ. எண் போடாமல் பிரித்தவர்கள் விட்டுச்சென்ற அடையாளம் அது. முறிந்த உத்திரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி கொடுத்துத் தைக்கலாம். சாதாரண இரும்பு வேண்டாம்.

பாலாலயம் எப்போது செய்வது?

அனுமதியும், முதல் கட்டத்துக்கான பணமும், ஸ்தபதியின் தேதியும் கையில் வந்த பிறகு. பல ஊர்களில் உற்சாகத்தில் முதலில் பாலாலயம் செய்துவிடுகிறார்கள். மூர்த்தியின் சக்தியைக் கும்பத்திலும் அத்திப்பலகையிலும் ஆவாகனம் செய்து தனி இடத்தில் வைத்தாகிவிட்டது, வேலையோ தொடங்கவில்லை, வருஷங்கள் ஓடுகின்றன. மூலவர் பூசையில்லாமல் இருப்பதைப் பார்த்து ஊரே கலங்கும். பாலாலயம் என்பது இளங்கோயில். அதில் சுவாமி கொஞ்சக் காலம் தங்கத்தான்.

இது எந்த வகைக் கும்பாபிஷேகம்? அஷ்டபந்தனத்துக்குப் பதில் சிமென்ட் வைக்கலாமா?

புதிதாக எடுத்த கோயிலுக்கு ஆவர்த்தம். ஆறு கொண்டுபோயோ நெடுநாள் பூசையற்றோ போன கோயிலை மீட்டால் அனாவர்த்தம். பாலாலயம் செய்து பழுதுபார்த்தால் புனராவர்த்தம். திருட்டு முதலிய தீட்டு நேர்ந்தால் அந்தரிதம். உங்கள் கோயிலுக்கு எது என்று சிவாசாரியார் ஆகமம் பார்த்துச் சொல்வார்.

சிமென்ட் கூடவே கூடாது. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் கல், காவிக்கல், தேன்மெழுகு, எருமை வெண்ணெய், செம்பஞ்சு, ஜாதிலிங்கம் எட்டையும் இடித்துச் சேர்ப்பது அஷ்டபந்தனம். பீடத்துக்கும் மூர்த்திக்கும் நடுவே தண்ணீர் இறங்காமல் காப்பது அது. கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், அடுத்த குடமுழுக்கில் திருமேனிக்குச் சேதமில்லாமல் எடுக்கவும் வரும். சிமென்ட் வைத்தால் அடுத்த முறை உளியால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

தோண்டும்போது சிலை கிடைத்தால் என்ன செய்வது?

வேலையை நிறுத்துங்கள். எடுத்த இடத்தைப் படம் எடுங்கள். தாசில்தாருக்கும் அறநிலையத் துறைக்கும் உடனே தெரிவியுங்கள். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எசாலம் இராமநாதேசுவரர் கோயில் திருப்பணியின்போது 1987இல் முதலாம் இராசேந்திரன் காலச் செப்பேடும் செப்புத் திருமேனிகளும் வெளிவந்தன. சீர்காழி சட்டநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில் யாகசாலைக்காகப் பள்ளம் தோண்டியபோது 22 ஐம்பொன் திருமேனிகளும் தேவாரம் எழுதிய 400க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. எந்தக் காலத்திலோ ஆபத்துக்குப் பயந்து யாரோ பத்திரமாகப் புதைத்து வைத்தவை. ஆகவே ஜே.சி.பி.யைக் கோயில் வளாகத்துக்குள் விடாதீர்கள். மண்வெட்டியும் ஆளும்தான்.

உற்சவர் சிலைகளைக் கோயிலிலேயே வைத்திருக்கலாமா?

இரவுக் காவலும் நல்ல பூட்டும் மக்கள் நடமாட்டமும் இருந்தால் வைக்கலாம். இல்லையென்றால் அறநிலையத் துறையின் பாதுகாப்பு மையத்தில் வைத்துவிட்டுத் திருவிழாவுக்கு எடுத்துவருவதே நல்லது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் ஆளரவமில்லாமல் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து நடராசர் திருட்டுப் போனார். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அவரை 2008இல் விலைக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் அவர் நாடு திரும்பினார் என்றால், அதற்குப் பெரும் சாட்சியாக நின்றது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990களில் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த படம். படம் இல்லாத திருமேனி போனால், ‘அது எங்களுடையது’ என்று சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது. முன்பக்கம், பின்பக்கம், பீடத்தின் அடி, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

நவக்கிரக சன்னதியும் புது ராஜகோபுரமும் கட்ட ஆசைப்படுகிறோம்.

ஆசை புரிகிறது. முதலில் மூலவர் தலைமேல் மழை விழாமல் பாருங்கள், அடுத்து மதில், அடுத்து மடைப்பள்ளி. அத்தனையும் முடிந்து பணம் மிச்சமிருந்தால் பேசலாம். பழைய மண்டபத்தின் முகம் மறையும்படி முன்னால் தகரக் கொட்டகை போடுவதையும் தவிருங்கள்.

பணம்?

அனுமதி பெற்ற குழுவின் பெயரில், இரண்டு மூன்று பேர் சேர்ந்து கையெழுத்திடும் வங்கிக் கணக்கு. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. மாதம் ஒருமுறை வரவு செலவைக் கோயில் வாசலில் ஒட்டுங்கள். உபயதாரர் பெயர்களை வளாகத்தில் புதிதாக ஒரு பலகையில் எழுதுங்கள்; பழைய தூணிலும் சுவரிலும் எழுதவும் வெட்டவும் விடாதீர்கள்.

யாகசாலையில் கவனிக்க வேண்டியது?

தீ. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு நேரத்தில் பந்தலில் தீப்பற்றி 40க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். கீற்றுப் பந்தலுக்கு அருகே வாணவேடிக்கை வேண்டாம். வெளியேற அகலமான வழி பல பக்கமும் இருக்கட்டும். தீயணைப்பு வண்டியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். மண்டபக் கூரையிலும் விமானத்திலும் கூட்டத்தை ஏற்றாதீர்கள்.

குடமுழுக்கு முடிந்த பிறகு?

48 நாள் மண்டல பூசையோடு குழு கலைந்துவிடுவதுதான் வழக்கம், கலையாதீர்கள். குருக்களுக்கு மாதச் சம்பளத்துக்கும் விளக்கெண்ணெய்க்கும் நைவேத்தியத்துக்கும் ஒரு வைப்புநிதி போட்டுவிட்டுத்தான் மற்ற மிச்சப் பணத்தைத் தொட வேண்டும். பூசை நடந்தால் ஆள் வருவார்கள், ஆள் வந்தால் கூரையில் முளைக்கும் செடியை யாராவது பார்ப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை, சித்திரையிலும் புரட்டாசிக் கடைசியிலும், ஊர் இளைஞர்கள் மேலே ஏறி விமானத்தையும் மண்டபத் தளத்தையும் பார்க்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் நீர்த்தாரைகளில் இலை தழை அடைத்திருக்கிறதா, தட்டோட்டு இடுக்கில் சாந்து விட்டிருக்கிறதா, கல் இடுக்கில் அரசங்கன்று தலைகாட்டுகிறதா என்று பார்த்து அன்றைக்கே சரிசெய்துவிட வேண்டும். அதற்கென்று ஒரு தொட்டி ஊறிய சுண்ணாம்பு மடைப்பள்ளி ஓரத்தில் எப்போதும் இருக்கட்டும். மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தால் வருஷக் கணக்கில் கெடாது.